நான் செக்கிங் பார்த்த ஒரே ரோல்

அந்த அக்கா கையிலிருந்த சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது நான் பேச வேண்டும் என்பதற்காகவா, பேசிவிடக் கூடாது என்பதற்காகவா? ஒன்றரை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு பதில் சரியென்று தோன்றும், மாலைக்குள் அது மாறிவிடும். அவர் பார்த்தது இரண்டு மூன்று நொடிதான். என் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை இருந்தாள். அவள் மூக்கைத் துடைப்பதுபோல நான் குனிந்துகொண்டேன். மூக்கில் ஒன்றும் இல்லை.

நல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் என் கணவரின் நிட்டிங் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு வட்ட மெஷின்கள், ஏழெட்டுப் பேர். ஏற்றுமதிக்காரர்கள் நூல் கொடுப்பார்கள், நாங்கள் துணியாக ஓட்டிக் கொடுப்போம். மாடியில் நாங்களும் என் மாமியாரும் இருந்தோம். கல்யாணமாகி வரும்போது நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் எம்.ஃபில். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படித்து முடிக்கட்டும் என்று கணவர் சொன்னார். மாமியாரும் மறுக்கவில்லை, வேலை கெடாமல் படித்தால் சரி என்று மட்டும் சொன்னார். அதை நான் ஒரு நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி நினைத்துச் சொன்னாரா என்று இன்று சந்தேகமாக இருக்கிறது.

என் ஆய்வு ஒரு குறு விண்மீன்திரளைப் பற்றியது. நம் பால்வெளியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, பார்க்கவும் அழகில்லாதது. அதில் விண்மீன்களுக்கு நடுவே ஹைட்ரஜன் வாயு பரவியிருக்கிறது. பெரிய விண்மீன்கள் கூட்டமாகப் பிறந்து, சீக்கிரம் எரிந்து, வெடித்துச் சாகும்போது சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளிவிடுகின்றன. தள்ளப்பட்ட வாயு ஒரு கூடு மாதிரி திரண்டு, நடுவில் வெற்றிடத்தை வைத்துக்கொண்டு, நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டே போகும். பெரிய விண்மீன்திரள்களில் உள்பக்கம் ஒரு வேகத்திலும் வெளிப்பக்கம் வேறு வேகத்திலும் சுழல்வதால் இந்தக் கூடுகள் இழுபட்டு நசுங்கிப் போகின்றன. குறு விண்மீன்திரளில் அந்த இழுப்பு குறைவு. அதனால் கூடுகள் உருண்டையாகவே, கோடிக்கணக்கான வருடங்கள் நிலைத்திருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து, அளந்து, ஒவ்வொன்றின் வயதையும் கணக்கிட்டுப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. ரேடியோ தொலைநோக்கியில் யாரோ எப்போதோ எடுத்து எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த தகவலை என் பேராசிரியை வாங்கித் தந்திருந்தார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் அரை மணி நேரம் உறைந்துபோகும். போதாததற்கு அது மின்வெட்டுக் காலம். அதனால் படங்களை ஓ.எச்.பி. தாள்களில், கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும் அந்தத் தாள்களில், பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு தாள். ஒவ்வொரு தாளும் ஒரு வேகத்துக்கு உரியது. நம்மை நோக்கி வரும் வாயு முதல் தாள்களில் தெரியும், நம்மைவிட்டு விலகும் வாயு கடைசித் தாள்களில் தெரியும். எல்லாவற்றையும் கூட்டிய மொத்தப் படம் ஒன்று தனியாக இருந்தது. அதைப் பார்த்தால் பூச்சி அரித்த இலை மாதிரி இருக்கும்.

குழந்தை பிறந்த பிறகு ஐந்து மாதம் எதையும் தொடவில்லை. தொட்டபோது, வெளிச்சத்தில் தாள்களை அடுக்கிப் பார்க்க ஒரு மேசை வேண்டியிருந்தது. அப்படி ஒரு மேசை கீழே கம்பெனியில் இருந்தது.

துணி செக்கிங் மேசை அது. மேலே வெள்ளைக் கண்ணாடி, அடியில் இரண்டு டியூப்லைட். மெஷினிலிருந்து இறங்கும் துணி குழாய் வடிவத்தில் இருக்கும். அதைத் தட்டையாக மேசைமேல் இழுத்தால் வெளிச்சத்தில் ஓட்டை, நூல் விட்ட கோடு, எண்ணெய்க் கறை எல்லாம் தெரியும். ஓட்டை இருக்குமிடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மின்வெட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றுவிடும், இந்த விளக்கு மட்டும் இன்வெர்ட்டரில் எரியும். தினமும் அந்த இரண்டு மணி நேரம் குழந்தையைப் பக்கத்து அறையில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு நான் மேசைக்குப் போய்விடுவேன். தொட்டிலில் பஞ்சுத் தூசி படியுமே, மூச்சில் போகுமே என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்ப்பேன். போகாமல் இருக்க முடியாது. போய் வந்தால் எங்கே விட்டேன் என்பது மறந்துவிடும்.

செக்கிங் அக்கா விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். குடும்பத்தோடு பிழைப்புக்கு வந்து பத்து வருடமாகியிருந்தது. எங்களிடம் ஆறு வருடம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். மேசை அவருடையது என்பதால் முதல் நாள் நான் கொஞ்சம் கூச்சத்தோடு அனுமதி கேட்டேன். அவர் தாள்களைப் பார்த்தார்.

“உங்க ஆகாசத்துக்கு எந்த மில்லு நூலு தாயி? இத்தன ஓட்டையிருக்கு.”

நான் சிரித்தேன். என்னால் முடிந்தவரை விளக்கினேன். விண்மீன் வெடிப்பு, வாயு, கூடு. அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மொத்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இது ஒத்தை அடுக்கா ரெட்டை அடுக்கா என்று கேட்டார். எல்லா அடுக்கும் சேர்ந்தது என்றேன். சேர்ந்ததில் ஓட்டை பார்த்தால் பாதிக்கு மேல் தப்பிவிடும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் துணியைப் பற்றித்தான் சொன்னார். தட்டையாகக் கிடக்கும் குழாய்த் துணியில் ஓட்டை பெரும்பாலும் ஒரு அடுக்கில்தான் இருக்கும். அடியில் இருக்கும் அடுக்கு அதை மறைத்துவிடும். அதனால் அவர் மேல் அடுக்கை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கித் தூக்கிப் பிரித்துப் பார்ப்பார். முழுவதும் பார்த்த பிறகு ரோலைப் புரட்டிப் போட்டு மறுபடி முதலிலிருந்து இழுத்து அடுத்த பக்கத்தையும் அதேபோலப் பார்ப்பார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பேராசிரியையும் அதையேதான் சொல்லியிருந்தார். ஒரு கூட்டின் முன்சுவரும் பின்சுவரும் உடையாமல் இருந்தால் மொத்தப் படத்தில் அங்கே வாயு இருப்பதுபோலவே தெரியும், வெற்றிடம் தெரியாது. தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் நான் சோம்பலாலோ பயத்தாலோ மொத்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தவற்றையே முதலில் பட்டியல் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து மின்வெட்டு நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். இப்படிச் சொல்வதே பொய். அவர் பார்த்தார், நான் அளந்தேன், எழுதினேன். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அவர் கை ஓடும் வேகத்துக்கு என் கண் வராது. ஒரு நாள் மொத்தப் படத்தில் வெறும் மேகமாகத் தெரிந்த ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இங்கன பாருங்க. மொதத் தாள்ல கடுகு மாதிரி ஒரு புள்ளி. அடுத்ததுல வளையம். அப்பறம் வளையம் பெருசாகுது. பெறகு சுருங்கி, கடேசில திரும்பக் கடுகு. ரப்பர் பந்த வட்ட வட்டமா அரிஞ்சு வச்ச மாதிரி இல்ல?”

முன்சுவர், பின்சுவர் இரண்டும் முழுசாக இருந்த கூடு அது. என் பட்டியலில் இல்லை. வயதைக் கணக்கிட்டபோது அதுவரை கிடைத்ததிலேயே இளையது அதுதான் என்று தெரிந்தது. என் பட்டியலில் இருந்த இரண்டை அவர் வேண்டாம் என்றார். ஒரு தாளில் மட்டும் இருந்து அடுத்த தாளில் காணாமல் போவது ஓட்டையில்லை, வெறும் இழை மெலிவு என்றார். திரும்ப அளந்து பார்த்ததில் அவர் சொன்னது சரி. கருவியின் இரைச்சலை நான் கூடு என்று எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த முறை கோயம்புத்தூர் போனபோது பேராசிரியை அந்த இளைய கூட்டைச் சுற்றிப் பச்சைப் பேனாவால் வட்டமிட்டு, நல்ல கண் என்று எழுதினார். நான் நன்றி மேடம் என்றேன். வரும்போது பஸ்ஸில், அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் கண்டுபிடித்தார் என்றால் பேராசிரியை என்ன நினைப்பார். என்னைத்தான் நினைத்தேன், அக்காவை நினைக்கவில்லை.

இனி அந்த நாள். பேராசிரியை காலையில் போன் செய்து, முழுப் பட்டியலும் மறுநாள் வேண்டும், வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று சொன்னார். பதினோரு தாள்கள் பாக்கி இருந்தன. கரண்ட் வந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. சாயப்பட்டறை வண்டி இரண்டு மணிக்கு வரும். அக்கா செக்கிங் முடிக்க வேண்டிய ரோல் ஒன்று மீதமிருந்தது. அவர் தாள்களை ஒதுக்கிவிட்டு எழுந்தார். நான் விடவில்லை. தாள்களை நீங்கள் முடித்துவிடுங்கள், ரோலை நான் பார்க்கிறேன் என்றேன்.

“உங்களுக்கு வருமா தாயி?”

எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு மாசமா நானும் ஓட்டையத்தானுங்க அக்கா பாத்துட்டிருக்கேன் என்றேன். அவர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு மேசையின் ஓரத்துக்குத் தாள்களோடு நகர்ந்தார். முதலாளி வீட்டுப் பெண் சொல்லும்போது அவர் வேறென்ன செய்ய முடியும்?

துணியை இழுத்தேன். குழந்தை அழ ஆரம்பித்தாள். மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவாரோ, கம்பெனியில் தாள்களை விரித்து வைத்திருப்பதைப் பார்ப்பாரோ என்று ஒரு காது அந்தப் பக்கமே இருந்தது. வெளிச்சம் பளிச்சென்று குத்தும் இடங்களை மட்டும் தேடினேன். இரண்டு கிடைத்தன. ஸ்டிக்கர் ஒட்டினேன். அடுக்கைக் கிள்ளிப் பிரிக்கவில்லை. ரோலைப் புரட்டவும் இல்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்திலேயே அக்கா தாள்களைப் பிரித்துப் பிரித்து, ஒரு சுவர் மட்டும் மிஞ்சிய கூடுகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஆய்வேட்டில் நான் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். இரண்டடி தள்ளி என் கையில் இருந்த துணியும் அதேபோல இரண்டு சுவர் கொண்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரோலோடு போகும் சீட்டில் செக்கிங் பார்த்தவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் எழுத்தைப் போட்டேன். எல்லாச் சீட்டிலும் அந்த எழுத்துதான் இருக்கும், இதிலும் இருக்கட்டும் என்றுதான் போட்டேன். வேறு எண்ணம் அப்போது இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாயம் ஏற்றி, உலர்த்தி, அழுத்தி வரும்போது துணியில் இருக்கும் ஓட்டை பெரிதாகும். கடுகளவு இருந்தது நகத்தளவு ஆகும். மூன்று வாரம் கழித்து ஏற்றுமதிக்காரரின் கட்டிங் மாஸ்டர் ஒரு பையோடு வந்தார். வெட்டிய துண்டுகளை மேசைமேல் கொட்டினார். இளநீல நிறத் துணி. எடுத்துப் பிடித்த ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஒரே ரோலில் இவ்வளவு என்றால் செக்கிங் எதற்கு, அடுத்த ஆர்டரை வேறிடத்தில் கொடுத்துக்கொள்கிறோம் என்றார். என் கணவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டார். அவர் யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார், அன்றும் பேசவில்லை.

“ஏனுங்க அக்கா, இது நீங்க பாத்த ரோல்தானுங்களா?”

அக்கா சீட்டை வாங்கினார். ரோல் நம்பரையும் அந்த எழுத்தையும் பார்த்தார். அந்த எழுத்தின் சுழி அவர் போடுகிற மாதிரி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நின்றிருந்தேன். வைவாவுக்குப் பத்து நாள் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பது முழுவதும் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது. கம்பெனி வேலையைக் கெடுத்துக்கொண்டு படித்தேன் என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும். தாள்கள் மாடிக்குப் போகும். கட்டிங் மாஸ்டர் முன்னால் என் கணவர் தலை குனிவார். அக்காவுக்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

“ஆமா, நாந்தான் பாத்தேன்” என்றார் அக்கா.

“அக்காவுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க சார்” என்றார் கட்டிங் மாஸ்டர். “இல்லீன்னா கண்ணத் தொறந்து வெச்சுட்டுப் பாக்கவாச்சும் சொல்லுங்க.”

மெஷின் பக்கம் நின்ற யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரிப்பதுபோல உதட்டை அசைத்தார்.

சாயங்காலம் கணவரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். மறுநாள் அவர் முகம் சரியில்லை. அதற்கு அடுத்த நாள் அக்காவைச் செக்கிங்கிலிருந்து எடுத்து, கொஞ்ச நாள் பஞ்சு கூட்டும் வேலையில் இருக்கட்டும் என்று விட்டிருப்பது தெரிந்தது. ஏற்றுமதிக்காரருக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டும், ஒரு மாதம் போனால் பழையபடி மாற்றிவிடலாம் என்றார். ஒரு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா இரண்டு நாள் கூட்டினார். மூன்றாம் நாள் வரவில்லை. கணவர் ஆள் அனுப்பினார். வீட்டைக் காலி செய்து வேறு பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வைவாவில் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்த இளைய கூட்டைக் காட்டி, மொத்தப் படத்தில் சுவடே இல்லாததை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். தாள்களாகப் பிரித்து, அடுக்கி, வெளிச்சத்தில் பார்த்தேன் என்றேன். மிகவும் எளிய வழி, மிகவும் நல்ல வழி என்றார். நன்றியுரைப் பக்கத்தில் பேராசிரியை, கணவர், மாமியார், அம்மா, அப்பா, பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். கடைக்காரர் வரை எழுதினேன்.

பட்டம் வாங்கிய பிறகு அதை வைத்து நான் எதுவும் செய்யவில்லை. குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்தது. பஞ்சுத் தூசியில் அவளைப் படுக்கவைத்ததால்தானோ என்று இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். நான் முழுதாக நம்பவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு மகளின் காதுகுத்துக்கு அழைப்பு வைக்க நானும் கணவரும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனோம். அவர் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். ஆண்கள் ஆபீஸ் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் தண்ணீர் கேட்டாள் என்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். தைத்த பனியன்களில் நூல் பிசிர் வெட்டும் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அந்த வரிசையில் இருந்தார். ஒரு பனியனை முகத்துக்கு மிக அருகில், மூக்கைத் தொடுமளவு, வைத்துப் பிடித்துக்கொண்டு பிசிரைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண், அக்கா அந்தா அந்த ஓரத்துல ஒண்ணு விட்டுட்டீங்க என்று காட்டினாள். அவர் தடவிப் பார்த்து வெட்டினார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மகளின் கன்னத்தைத் தொட்டார், வளர்ந்துவிட்டாளே என்றார். குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். கண்ணுக்கு என்ன ஆச்சு அக்கா என்று கேட்டேன். அவர் திரும்பி வரிசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல. ஓட்டைய விட்டவன்னு பேரு எனக்கு முன்னால போயிருச்சு. எந்தக் கம்பெனிலயும் செக்கிங்குக்குச் சேக்கல. கண்ணு மங்கிருச்சு, அதான் அன்னைக்கி விட்டுப்போச்சு, பிசிரு வெட்டக் குடுங்கன்னு கேட்டுத்தான் இங்க சேந்தேன். இப்ப நல்லாத் தெரியுதுன்னா இவுக என்ன நெனைப்பாக?”

ஒன்றரை வருடமாக அவர் தினமும் எட்டு மணி நேரம் கண் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். தெரியும் பிசிரை வேண்டுமென்றே விட்டு, பக்கத்துப் பெண் காட்டிய பிறகு வெட்டியிருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சரியாகச் சொன்னேனா, உளறினேனா தெரியாது. அந்த ரோலை நான்தான் பார்த்தேன் என்று என் வீட்டுக்காரரிடமும் இங்கேயும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் தாயி. நீங்க சொன்னா, நானும் பொய்தான சொன்னேன்னு ஆகும். அன்னைக்கும் பொய், இங்கயும் பொய். இந்த வேலையும் போயிரும். விட்டுருங்க.”

அப்படியென்றால் அன்றைக்கு நீங்கள்தான் பார்த்ததாக ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவரே பேச்சை மாற்றி, பரீட்சை நல்லபடியாக முடிந்ததா, அந்த ரப்பர் பந்தைப் பார்த்து வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டார். நல்ல கண் என்று எழுதினார் அக்கா என்றேன். அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது. எனக்குத்தான் எழுதினார், உங்களுக்கு இல்லை என்பதைச் சொல்லவில்லை. அந்த இடத்திலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா முடிஞ்சிருக்குமே அம்மிணி. என்ன, அந்த மாஸ்டர்கிட்ட நான் ஒரு திட்டு வாங்கியிருப்பேன். அவ்வளவுதான.”

அவ்வளவுதான். நான் அன்று ஒரு நொடியில் பார்த்துப் பயந்த எல்லாம் அவருக்கு ஒரு திட்டுதான். மாமியாரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆறு வருசம் நம்ம ஊட்டுச் சோத்துக்கு ஒழைச்ச பொம்பள என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

இப்போது எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் கல்யாணமாகி அடுத்த மாதம் போகிறாள். அக்காவையே திரும்பக் கூப்பிடலாம் என்கிறார் கணவர். ஆனால் காரணம் சொல்லாமல் கூப்பிட முடியாது என்கிறார். ஓட்டையை விட்டவர் என்று பெயரெடுத்தவரைத் திரும்பச் சேர்த்தால் ஏற்றுமதிக்காரர் கேட்பார். நெருப்பெரிச்சல் அண்ணனும், கண் தெரியாதவரை எதற்குச் செக்கிங்குக்கு எடுக்கிறாய் என்று கேட்பார். அதனால் இருவரிடமும், கட்டிங் மாஸ்டரிடமும், அந்த ரோலைப் பார்த்தது என் மனைவி, சீட்டில் எழுதியதும் அவள்தான் என்று அவரே போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறார். நீ சரி என்றால் போகிறேன் என்கிறார். அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன் என்கிறார்.

இதற்கிடையே பேராசிரியையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் பட்டியலை ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரையாக அனுப்பப்போகிறாராம். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமானால் எழுதி அனுப்பச் சொல்கிறார். அக்காவின் பெயரையும் அவர் எந்தெந்தக் கூடுகளைக் கண்டுபிடித்தார் என்பதையும் எழுதி அனுப்பிவிட்டேன். இந்த முறை யோசிக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில், அவர் ஒருநாளும் பார்க்காத இதழில் அவர் பெயர் வருவதால் அவருக்கு நெருப்பெரிச்சலில் எதுவும் மாறப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் இழந்த பெயர் இந்த ஊரில் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். வேண்டாம் என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தால், அவர் பேச்சை மதித்தவள் ஆவேனா, இல்லை மறுபடி எனக்கு வசதியானதையே செய்தவள் ஆவேனா? அவரைக் கேட்காமல் உண்மையைச் சொல்லி, அதனால் அவருக்கு இருக்கிற வேலையும் போய், எங்களிடம் திரும்பி வரவும் அவருக்கு மனமில்லாமல் போனால் நான் என்ன செய்வேன்? திரும்ப அவரிடம் போய்ப் பேசலாம் என்றால், நான் வற்புறுத்திக் கேட்டால் அவர் மறுத்துப் பழக்கமில்லாதவர், தாயி கேட்கிறாளே என்று சரி என்றுவிடுவார். அன்றைக்கு மேசையை விட்டு நகர்ந்ததும் அப்படித்தான். அவர் உண்மையாகவே என்ன விரும்புகிறார் என்பதை நான் எந்த விதமாகக் கேட்டால் எனக்காகச் சொல்லாமல் தனக்காகச் சொல்வார்? இப்போது செக்கிங் பார்க்கும் பெண் வேலையை விட்டுப் போக இன்னும் இருபது நாள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.